மாடியில் சோலார்: போட்ட காசு எப்போது திரும்பும்?

வீட்டு மாடியில் சோலார் போடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். மின்கட்டணக் கணக்கு எல்லாம் 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, 2 மாத பில்லுக்குப் போட்டது.

ரெண்டு ஏசி ஓடுதுங்க. ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட் பக்கம் வருது. 3 கிலோவாட் போட்டா 1,95,000, மானியம் போக 1,17,000 ஆகும்னு சொல்றாங்க. போடலாமுங்களா?
– பெருந்துறை வாசகர்

போடலாமுங்க. ஆனால் உங்களுக்கு 3 வேண்டுமா, 2 போதுமா என்று முதலில் பார்த்துவிடுவோம். விற்பவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

நம் ஊர் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய்தான். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், அதே 101 முதல் 200 வரைக்கும் 4.70 ஆகிவிடும். மேலே போகப் போக யூனிட் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறும். 500 யூனிட்டுக்கு பில் சுமார் 1,800 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,100ஐத் தாண்டும். பத்தே பத்து யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல்! 600க்கு 2,900, 800க்கு 4,800, 1,000க்கு 6,900 ரூபாய் அளவில் வரும்.

கொங்குப் பக்கம் நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் பேனல், வருஷ சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் மீட்டர் வைத்த வீட்டில், வாரியத்திடம் வாங்கிய யூனிட்டில் நீங்கள் கொடுத்த யூனிட்டைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பில். அதனால் சோலார் முதலில் அடிப்பது உங்கள் மேல்படிக்கட்டைத்தான்.

உங்கள் 800 யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 1 கிலோவாட் போட்டால் 560க்கு இறங்கும். வருஷத்துக்கு 13,000 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் 560ஐ 320 ஆக்குகிறது, அதாவது 500 என்கிற வரப்பைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறீர்கள். அந்த ஒரு கிலோவாட் மட்டும் தனியாக 10,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் செய்கிறது. மூன்றாவது கிலோவாட் 320ஐ 80க்குக் கொண்டுவரும், பில் பூஜ்யமாகும். ஆனால் அது மிச்சம் செய்வது வருஷத்துக்கு 4,800 ரூபாய்தான், ஏனென்றால் அது அடிப்பது மலிவான யூனிட்டுகளை.

இப்போது மானியம். மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. 3க்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். 2 கிலோவாட் 1,40,000 என்று விலை வந்தால் கையிலிருந்து போவது 80,000. வருஷ மிச்சம் 23,800. மூன்றரை வருஷத்தில் முதல் எடுத்துவிடலாம். மூன்றாவது கிலோவாட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 37,000 திரும்ப 7 வருஷத்துக்கு மேல் ஆகும். நஷ்டம் என்று சொல்லவில்லை. பேனலுக்கு 25 வருஷ உற்பத்தி உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் அடுத்த 2 வருஷத்தில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ, மூணாவது ஏசியோ வரப்போகிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள். வருவது உறுதி என்றால் 3. இல்லையென்றால் 2 போதுமுங்க. 3 கிலோவாட் பேனல் தாங்கும் சட்டத்தையும் (ஸ்ட்ரக்சர்) கேபிளையும் இப்போதே போட்டுவைத்து, பேனலைப் பின்னால் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பின்னால் சேர்ப்பதற்கு மானியம் எப்படி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல 380 யூனிட்தான் வருது. பக்கத்து வீட்டுல போட்டுட்டாங்க. நாங்களும் போடட்டுமா?
– தாராபுரம் வாசகி

அவசரம் வேண்டாம் அம்மா. உங்கள் பில் 1,080 ரூபாய் அளவில் இருக்கும். 1 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு 5,900 மிச்சம். மானியம் போக 50,000 போட்டால் திரும்ப எட்டரை வருஷம். முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 11, 12 மணி நேரம் ஓடும் 3 ஃபேனை மாற்றினால் 2 மாதத்துக்கு 90 யூனிட் குறையும். 9,000 ரூபாய் செலவு மூன்றரை வருஷத்தில் திரும்பிவிடும், மாடியில் ஒரு ஓட்டையும் போட வேண்டியதில்லை. பில் 500 யூனிட்டைத் தாண்டும் காலம் வரும்போது சோலாரை யோசியுங்கள்.

சோலார் போட்டா கரண்ட் போனாலும் வீட்டுல லைட் எரியும்தானுங்களே?
– அந்தியூர் வாசகர்

எரியாதுங்க. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி வாரிய லைனோடு சேர்ப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். மானியத்தில் போடுகிற இந்தச் சாதாரண இன்வெர்ட்டர், வாரியத்தின் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் அப்படித்தான். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. லைன் வேலைக்காக கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9 மணிக்கு நிறுத்தி சாயங்காலம் விடும் நாளில் உங்கள் உற்பத்தி பூஜ்யம்.

ஏற்கெனவே வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அது தன் வேலையைத் தனியாகச் செய்யட்டும். சோலார் இன்வெர்ட்டரின் வயரை வீட்டு இன்வெர்ட்டர் அவுட்புட்டில் சேர்த்துவிடச் சொல்லி எலெக்ட்ரீஷியனை ஒருபோதும் கேட்காதீர்கள். பேட்டரியும் சேர்ந்து வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. நாளுக்கு ஒரு மணி நேரம் கரண்ட் போகும் ஊரில் அந்தச் செலவு கட்டுபடியாகாது.

மாடிக்குக் கிழக்கே ரெண்டு தென்னமரம். காலையில மட்டுந்தான் நெழல் விழுது. பரவால்லைங்களா?
– பொள்ளாச்சி வாசகர்

பரவாயில்லை என்று சொல்ல முடியாதுங்க. பேனல்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று தொடராகக் கோர்க்கப்பட்டவை. வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் விழுந்தால் கடைமடைக்கே தண்ணி குறைகிற மாதிரி, ஒரு பேனலில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும். ஒவ்வொரு பேனலுக்குப் பின்னாலும் இருக்கும் சின்னப் பெட்டியில் 3 டயோடு இருக்கும். நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரம் சுற்றிப்போக அவை வழிவிடும். ஆனால் தென்னங்கீற்றின் நிழல் ஒரே இடத்தில் நிற்காது. காற்றில் ஆடி ஆடி, நிமிஷத்துக்கு ஒரு பேனல் என்று மாறி மாறித் தடவும். இன்வெர்ட்டர் தனக்குத் தோதான வோல்டேஜைத் தேடித் தேடியே நேரத்தைக் கழிக்கும்.

காகிதத்தில் மாடியை வரைந்துகொண்டு, ஒரு நாள் காலை 8, 10, 12, 2, 4 மணிக்கு ஏறிப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் தரையிலேயே கோடு போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் நீளும், முடிந்தால் அப்போதும் ஒருமுறை பாருங்கள். தண்ணித் தொட்டி, படிக்கட்டு அறை, டிஷ் ஆன்டெனா எல்லாம் சேர்த்திதான். 9 முதல் 3 மணி வரை ஒரு கோடும் விழாத இடம்தான் பேனலுக்கு உரியது. காலை 9க்குள் நிழல் விலகிவிட்டால் போடலாம். 10க்குப் பிறகும் விழுந்தால், அந்தப் பேனல் மற்றவற்றை இழுக்காமல் காக்கும் ஆப்டிமைசர் என்ற கருவியை நிழல் படும் பேனலுக்கு மட்டும் வைக்கலாம், அல்லது பேனலுக்குப் பேனல் தனியாக வேலை செய்யும் மைக்ரோ இன்வெர்ட்டர் போடலாம். இரண்டும் விலை கூடியவை. மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. பேனலை மேற்குக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள்.

திசை தெற்கு. சாய்வு 10 முதல் 12 டிகிரி. நம் ஊர் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் அதுவே தோது.

நாலு வருசத்துக்கு முன்னால கட்டின தார்சு வீடு. ஸ்ட்ரக்சர் போட்டா மாடி ஒழுகும்னு கொத்தனார் பயமுறுத்துறார். கான்கிரீட் கட்டையைச் சும்மா வெச்சாப் போதும்னு சோலார்காரர் சொல்றார். யார் சொல்றது சரி?
– உடுமலைப்பேட்டை வாசகர்

கொத்தனாரின் பயம் நியாயம். சும்மா வைப்பது உங்கள் ஊரில் ஆபத்து. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குத்தானே உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன! கோவைக்கு இந்தியத் தரநிலை சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். ஒரு கன அடி கான்கிரீட் கட்டை 68 கிலோதான். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 7 அடி நீளம், 4 அடி அகலம். 6 பேனல் சேர்ந்தால் 160 சதுர அடிப் பாய்மரம். காற்று அடியில் புகுந்து தூக்கினால் எட்டுக் கட்டை சேர்ந்தாலும் தாங்குமா என்பது சந்தேகம்.

சரியான முறையைச் சொல்கிறேன், உங்கள் ஆளிடம் இதையே கேளுங்கள். கால் வரும் இடத்தில் தட்டு ஓட்டையும் அதன் அடியிலுள்ள சுண்ணாம்புக் காரையையும் ஒன்றரை அடி சதுரத்துக்கு வெட்டி எடுத்து, கான்கிரீட் தளம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். தளத்தின் கனம் 4, 5 அங்குலம்தான். அதனால் துளை இரண்டரை முதல் 3 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. மறுபக்கம் வந்துவிட்டால் கதை முடிந்தது. துளைத் தூசியை ஊதியும் பிரஷ் போட்டும் எடுத்துவிட்டு, கெமிக்கல் ஆங்கர் பசையைத் துளையின் அடியிலிருந்து நிரப்பி, 12 மில்லி கம்பி ஒரு காலுக்கு 2 வீதம் நட வேண்டும். தூசியை எடுக்காமல் பசையை ஊற்றினால் கம்பி கையோடு வந்துவிடும். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. பசை இறுகும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு கம்பியைச் சேர்த்து கான்கிரீட் கட்டை போட வேண்டும், மேல்பக்கம் தண்ணி நிற்காமல் சரிவாக. கட்டையும் தளமும் சேரும் மூலையைச் சுற்றி நீர்த்தடுப்புப் பூச்சு 2 கோட். கால்கள் தூணுக்கும் பீமுக்கும் மேலே வருகிற மாதிரி அளவு எடுத்தால் இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்ததும் கட்டைகளைச் சுற்றி மண்ணணை கட்டி 24 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால்தான் மிச்சப் பணம். வேலையை ஆடி பிறக்கும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

துணி காயப்போட இடம் வேண்டும் என்று 8 அடி உயரத்தில் தூக்கிப் போடுவது இப்போது எல்லோரும் செய்வது. செலவு கூடும், காற்றும் கூடுதலாக வாங்கும். குறுக்குக் கம்பி இல்லாமல் வெறும் கால்களில் நிற்கும் உயர ஸ்ட்ரக்சரை ஏற்கவே ஏற்காதீர்கள்.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். அதே 3 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வித்தியாசம் வருது. எதைப் பார்த்து முடிவெடுக்கறது?
– நாமக்கல் வாசகர்

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன எழுதவில்லை என்று பாருங்கள்.

பேனல் டி.சி.ஆர். வகையா என்று இருக்க வேண்டும். செல் முதல் இந்தியாவில் செய்த பேனல் அது. மற்றதைப் போட்டால் மானியம் வராது. விலை குறைந்த கொட்டேஷனில் இந்த வரி இல்லாமல் இருப்பது வழக்கம். பேனலின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியக் கணக்கு என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

அடுத்தது கண்ணில் படாத சாமான்கள். எர்த் குழி 3 வேண்டும்: பேனல் பக்கத்துக்கு (டி.சி. மின்சாரம்) ஒன்று, இன்வெர்ட்டரைத் தாண்டி வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மூன்றையும் ஒரே குழியில் கட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். இடி இறங்கும்போது அது நேரே இன்வெர்ட்டருக்குள் வந்துவிடும். டி.சி. பெட்டியிலும் ஏ.சி. பெட்டியிலும் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா? டி.சி. கேபிள் வெயில் தாங்கும் 4 சதுர மில்லி சோலார் கேபிளா, சாதாரண வீட்டு வயரா? பேனல்களைக் கோர்க்கும் எம்.சி.4 கனெக்டரில் ஆண் ஒரு கம்பெனி, பெண் ஒரு கம்பெனி என்று கலந்து போட்டால், பார்க்கப் பொருந்தியது போல இருந்தாலும் உள்ளே தொடர்பு லூசாகி நாளடைவில் உருகும். மாடியில் தீப்பிடிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

நெட் மீட்டர் கட்டணம் யார் தலையில், 5 வருஷப் பராமரிப்பு சேர்ந்ததா, வருஷத்துக்கு எத்தனை முறை வருவார்கள், இதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஆப் உங்கள் செல்போன் எண்ணில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும். விற்றவரின் கணக்கிலேயே விட்டுவிட்டால் நாளைக்கு எவ்வளவு உற்பத்தி என்று கேட்க அவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய வரியில் போட்ட கொட்டேஷன் என்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

போட்டு எட்டு மாசமாச்சு. மதியம் 12 மணிக்கு மேல இன்வெர்ட்டர் தானா நின்னு நின்னு ஓடுது. வெயில் நல்லாத்தான் அடிக்குது. கம்பெனிக்காரங்க பேனல்ல குத்தமில்லைனு சொல்றாங்க.
– கோபி பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து ஒரு வாசகர்

பேனலில் குற்றம் இருக்காதுங்க. இது வோல்டேஜ் ஏறுவதால் வருவது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில் இருக்கும் சாளைகளில் அடிக்கடி பார்க்கலாம். இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமென்றால் லைனில் இருக்கும் வோல்டேஜைவிடத் தன் வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தித்தான் தள்ள முடியும். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் நிறைய உயர்த்த வேண்டியிருக்கும். 260 வோல்ட் பக்கம் போனதும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பாதுகாப்புக்காக நின்றுவிடும், சில நிமிஷம் கழித்துத் திரும்ப ஓடும்.

மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டர் முனையிலும், மீட்டர் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் 258, மீட்டரில் 246 என்றால் குறை உங்கள் வீட்டு வயரில். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை ஏ.சி. கேபிளைக் கனமாக மாற்றினால், 4 சதுர மில்லி இருந்தால் 6 அல்லது 10 ஆக்கினால், தீர்ந்துவிடும். நியூட்ரல் இணைப்பு கறுத்துப்போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே 255 இருந்தால் வாரியத்தின் லைன்தான் காரணம். தேதி, நேரத்தோடு 4 நாள் அளவை எழுதி, ஆப்பில் வந்த பிழைச் செய்தியையும் சேர்த்து, பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றியோ கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைக் கனமாக்கியோ சரிசெய்ய முடியும். வாய்ச்சொல்லாகச் சொன்னால் வேலை நகராது.

வீட்டோட சேர்ந்தே தறிக்குடோன். அதுக்கும் மானியம் கெடைக்குங்களா?
– சோமனூர் வாசகர்

கிடைக்காதுங்க. இந்த மானியம் வீட்டு சர்வீஸுக்கு மட்டும். விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் இருப்பதால், அதற்கு மேல் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துத்தான் தறி சர்வீஸுக்குச் சோலார் கணக்குப் போட வேண்டும். வீட்டு சோலாரின் வயரை தறிக்கு இழுப்பது வேண்டவே வேண்டாம்.

சர்வீஸ் எங்கப்பா பேருல இருக்கு. அவர் காலமாகி ஆறு வருசமாச்சு. என் பேருல அப்ளை பண்ணலாமா?
– காங்கேயம் வாசகர்

முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். மின் இணைப்பில் இருக்கும் பெயர், விண்ணப்பித்தவர் பெயர், மானியம் வரவேண்டிய வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் எல்லா வேலையும் முடிந்த பிறகு மானியம் நின்றுபோகும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், வீட்டு வரி ரசீது எல்லாம் தேவைப்படும். பெயர் மாறி ஒரு பில் உங்கள் பெயரில் வந்த பிறகு பி.எம். சூர்யகர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024ல் விதி மாறிவிட்டதால், அதற்குப் பிறகு வேலை வேகமாகத்தான் போகும். பெயர் மாற்றத்துக்கு முன்னால் சோலார்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

போன வருசம் நாளுக்கு 13 யூனிட் வந்துச்சு, இப்ப 10தான் வருது. பேனல் கெட்டுப்போச்சுங்களா? வாராவாரம் போர்த் தண்ணில கழுவறோம்.
– பல்லடம் வாசகி

அந்தத் தண்ணிதான் காரணமாக இருக்கும் அம்மா. உங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணியில் உப்பு அதிகம். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் கண்ணாடி மேல் வெள்ளைப் படலம் படியும். வாரம் ஒரு படலம் என்று சேர்ந்து, விரலால் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும். பேனலின் கீழ்விளிம்பில் பாருங்கள். தண்ணி வழிந்து நிற்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு மாதிரி கட்டியிருக்கும். அந்த வரிசை செல்கள் மூடினால் பேனலின் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

படிந்த உப்பை எடுக்க ஒரு வாளி நல்ல தண்ணியில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, மெல்லிய துணியால் ஒற்றி ஊறவிட்டுத் துடைத்து, நல்ல தண்ணியில் அலசி, ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். கம்பி நார், ஆசிட், பாத்திரம் கழுவும் பொடி எதுவும் கூடாது. இனிமேல் மழைத் தண்ணியோ குழாயில் வரும் குடிதண்ணியோ போதும், 6 பேனலுக்கு 2 குடம் தாராளம். விடியற்காலையில் கழுவுங்கள். வெயிலில் 60 டிகிரிக்கு மேல் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணியை ஊற்றினால் விரிசல் விடலாம். மயில் வந்து உட்காரும் மாடியாக இருந்தால் எச்சத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் சுரண்ட வேண்டிவரும்.

ஒப்பிடும்போது அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாசியில் 13 வந்த வீட்டில் ஆடி மேகத்துக்கு 10 வருவது இயல்பு. சித்திரை வெயிலில் மாசியைவிடக் குறையும், ஏனென்றால் பேனல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதத்துக்கு மேல் திறன் போகும். பேனல் தன்னால் தேய்வது வருஷத்துக்கு அரை சதவீதம் அளவுதான். கழுவிய பிறகும், மேகமில்லாத மாசி மாதத்து நாளில் 11ஐத் தாண்டவில்லை என்றால், ஒவ்வொரு பேனலின் வோல்டேஜையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். 6ல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்து காட்டினால் அதன் டயோடு போய்விட்டது என்று அர்த்தம். உத்தரவாதக் காலத்துக்குள்தானே இருக்கிறீர்கள், ரசீதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.